சிவபாக்கியத்துக்குள் கேட்ட பந்தடி

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஓடைக்கொம்பை கோல்ஃப் மைதானத்தின் முதல் மேட்டில் நின்று அனந்தநாராயணன் அடித்த பந்து, முப்பத்தோரு வருஷமாக அவர் அடிக்கும் எல்லாப் பந்துகளையும் போல வலப்பக்கம் சாய்ந்து, சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே போய், சரிவில் எங்கேயோ விழுந்தது. அடித்த சத்தம் மட்டும் பந்திலிருந்து வராமல், அவருக்கு நாலடி பின்னால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற சிவபாக்கியத்தின் நெஞ்சிலிருந்து வந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பாக்கியம், இருமினியா?"

"இல்லீங்கய்யா."

"பின்னே என்ன அது?"

"தெரியலீங்க. உள்ள யாரோ தட்டின மாதிரி இருந்திச்சு."

அனந்தநாராயணன் இன்னொரு பந்தை வைத்து அடித்தார். மட்டை பந்தைத் தொட்டபோது மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை, பஞ்சு மூட்டையைத் தொட்டது போல இருந்தது. ஆனால் அதே நொடியில் சிவபாக்கியத்தின் மார்புக்கூட்டுக்குள்ளிருந்து, பழுத்த பலாவை விரல் முட்டியால் தட்டினால் வருமே அப்படியில்லாமல், கோயில் மணியின் விளிம்பில் மட்டை பட்டது மாதிரி 'ணங்' என்று கேட்டது. அவர் பந்தைப் பார்க்கவேயில்லை. "நடுவுல பட்டிருக்கு," என்றார். சிவபாக்கியம் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, நேரா போயிருக்கு," என்றாள். பிறகு இருவரும் பந்தைத் தேடி நடந்தார்கள், ஏனென்றால் பின்னால் இன்னொரு கூட்டம் காத்துக்கொண்டிருந்தது.

சிவபாக்கியத்துக்கு அப்போது நாற்பத்தேழு வயது. இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஒரு தோட்டத்துக் குடும்பத்தின் ஐந்தாவது பிள்ளை. பன்னிரண்டு வயதில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய், இருபத்தைந்து வயதில் இங்கே பை தூக்க வந்தவள். அந்த வேலைக்குக் கிளப்பில் கேடி என்று பெயர். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ மாட்டாத கேடி இவள் ஒருத்திதான் என்று அவள் புருஷன் மருதை கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பான். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை கீழே இறங்கிவிட்டிருந்தது. யார் அடித்தாலும், பந்து கண்ணுக்குத் தெரியாத மூடுபனியிலும்கூட, சத்தத்தைக் கேட்டே அது எந்தப் புதரில் கிடக்கும் என்று சொல்லிவிடுவாள்.

அன்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது, அனந்தநாராயணன் அடித்தது மட்டுமல்ல, பதினெட்டுக் குழிகளில் எந்தக் குழியில் யார் அடித்தாலும் சத்தம் அவளுக்குள்ளேதான் வருகிறதென்று. பதினோராம் குழியில் ஆடிக்கொண்டிருந்த பல் டாக்டர் தன் காது போய்விட்டதென்று நினைத்து ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். பந்துகள் வழக்கம் போலத்தான் பறந்தன, வழக்கமான தூரம்தான் போயின, ஆனால் சத்தம் கேட்காதவர்களுக்குத் தாங்கள் அடித்த அடி அடியாகவே தோன்றவில்லை. எல்லாரும் இன்னும் பலமாக அடித்தார்கள், பலமாக அடித்ததால் கோணலாகப் போனது, கோணலாகப் போனதால் வந்த கோபத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். கிளப் செக்ரட்டரி லியோனார்டு புதுப் பெட்டி பந்துகள் வரவழைத்துப் பார்த்தார், மட்டைகளை மாற்றச் சொல்லிப் பார்த்தார், ஒரு வாரம் மைதானத்தின் புல்லைக் குறைத்து வெட்டச் சொன்னார், கடைசியில் ஒரு அட்டவணை போட்டார். யாருடைய கூட்டத்தோடு எந்தக் கிழமை சிவபாக்கியம் நடப்பது என்று அந்த அட்டவணையில் இருந்தது. செவ்வாயும் வியாழனும் சனியும் பழைய உரிமையில் அனந்தநாராயணனுக்கு.

அவள் குடியிருந்த குறிஞ்சி லயத்திலும் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பத்து வீட்டு வரிசையில் ஏற்கெனவே ஒரு வீட்டில் சாமி வரும், ஒரு வீட்டில் செத்துப்போன மாமியார் வியாழக்கிழமைகளில் மோர் கேட்பாள், ஒரு வீட்டில் பிள்ளைக்குத் தூக்கத்தில் நடக்கும் வியாதி. அந்த வரிசையில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. அட்டவணையில் பெயரில்லாத நாட்களில் சிவபாக்கியம் வீட்டில் இருந்தால், ஆறரை மணிக்கு முதல் பந்து அடிபடும் சத்தத்தைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டு ரொசலின் பாலை அடுப்பில் வைத்தாள். முனியாண்டி கோயில் பூசாரி மஞ்சள் கயிறு மந்திரித்துக் கட்டினார். கயிற்றுக்கு அடியில் சத்தம் வந்தது. அதன்பிறகு பூசாரி, இவள் சாமி கும்பிட வந்தால் இரண்டு அடிகளுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளி பார்த்துக் கற்பூரம் காட்டப் பழகிக்கொண்டார். ஒரு கோல்ஃப் பந்தைக் கையில் தொட்டுப் பார்த்திராத லயத்துப் பெண்கள், தண்ணீர்க் குழாயடியில் வரிசை நிற்கும்போது, "இது மட்டை நுனியில பட்டது," "இது மண்ணத் தோண்டிட்டாரு," "இந்தா, இது நல்ல அடி, யாரோ சந்தோஷமா இருக்காங்க," என்று சொல்லுமளவுக்குத் தேறிவிட்டார்கள்.

தேயிலை ஃபேக்டரியில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் மருதைக்குத்தான் கஷ்டம். அவன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, "இன்னிக்கு யாரு இவ்வளவு ஆடுறாங்க?" என்பான்.

"ஏதோ பேங்க்காரங்களாம். வெளியூரு."

"நாசமாப் போக. வலிக்குதா உனக்கு?"

"வலியெல்லாம் இல்ல. யாரோ கதவத் தட்டிட்டே இருக்காங்க, நான் எந்திரிச்சுப் போயித் தொறக்கணும், அப்படி இருக்கு. எந்திரிச்சா யாருமில்ல."

மருதை போர்வையை விலக்கினான். பிறகு எழுந்து அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டான். திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்று ஒருநாள்தான் அந்த வீட்டில் இரண்டு பேரும் பகலில் தூங்கினார்கள்.

கார்த்திகையில் கோயம்புத்தூர் எஞ்சினியரிங் கல்லூரி ஒன்றிலிருந்து மேகலா என்ற பேராசிரியை வந்தாள். ஒலியைப் பற்றிப் படித்தவள். கிளப் செலவில் வந்து, விருந்தினர் அறையில் தங்கி, சிவபாக்கியத்தின் மேல்துணியில் ஒரு மைக்கைக் குத்திவிட்டு மூன்று நாள் கம்ப்யூட்டரில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம், கிளப் வராந்தாவில், கோட்டு போட்ட உறுப்பினர்களுக்கு நடுவே அவள் விளக்கினாள்.

"மட்டையும் பந்தும் ஒட்டிக்கிட்டு இருக்கிற நேரம், ஒரு செகண்டை ரெண்டாயிரமா பிரிச்சா அதுல ஒரு பங்குகூட இல்ல சார். அதுக்குள்ள பந்து சப்பையா நசுங்கி, திரும்ப உருண்டையாகி, கெளம்பிடுது. மட்டையோட தலை உள்ள கூடா இருக்கறதால அதிருது. அந்த அதிர்வுதான் நமக்குக் கேக்கற சத்தம். அது உங்க காதுக்கு வந்து சேர்றதுக்கு, அதைப்போலப் பத்து மடங்கு நேரம் ஆகும். நீங்க கேக்கும்போது பந்து போயாச்சு. சத்தத்தால பந்துக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல."

"ஆனா கையில தெரியுமே," என்றார் அனந்தநாராயணன். "நடுவுல பட்டா கை சொல்லுமே."

"கை சொல்றதா நெனைக்கிறீங்க சார். பெரும்பாலும் காதுதான் சொல்லுது. காதை அடைச்சுட்டு அடிச்சுப் பாருங்க, நல்ல அடிக்கும் கெட்ட அடிக்கும் கைக்கு அவ்வளவா வித்தியாசம் தெரியாது."

"அப்போ அது ஏன் பாக்கியத்துக்குள்ள வருது?"

மேகலா கம்ப்யூட்டரை மூடினாள். "அது எனக்குத் தெரியாது சார். சத்தத்தைத்தான் நான் படிச்சிருக்கேன்." ஊருக்குக் கிளம்பும் முன் அவள் சிவபாக்கியத்திடம், மூச்சு வாங்குகிறதே, டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். அந்த மூன்று நாளில் சிவபாக்கியத்தைப் பற்றி அவளிடமே கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான்.

மூச்சு வாங்கத்தான் செய்தது. ஆறாம் குழி ஏற்றத்தில் இரண்டு தடவை நின்று போக வேண்டியிருந்தது, சாயங்காலம் கால் வீங்கியது, படுத்தால் இருமல் வந்தது. அரசு மருத்துவமனையில் டாக்டர் ஷாஹிதா ஸ்டெதஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார், வைத்த இடத்திலிருந்து நகர்த்தி வைத்துக் கேட்டார், பிறகு காதிலிருந்து கழற்றிவிட்டார்.

"உங்க இதயம் எனக்குக் கேக்கவே மாட்டேங்குதும்மா. வெறும் கோல்ஃப்தான் கேக்குது."

ஈசிஜி தாளிலும் துடிப்புகளுக்கு நடுநடுவே பந்தடிகள் முள்ளுமுள்ளாக விழுந்திருந்தன. "எப்போ நிறுத்துவாங்க?" என்று டாக்டர் கேட்டார். "திங்கக்கெழம லீவுங்க," என்றாள் சிவபாக்கியம். திங்கட்கிழமை வரச் சொல்லி, அன்று ஒரு பந்தும் அடிபடாத காலையில், டாக்டர் ரொம்ப நேரம் கேட்டார். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா என்று விசாரித்தார். வந்ததுண்டு, கொழுந்துக் காட்டில் சம்பளம் பிடிப்பார்கள் என்று காய்ச்சலோடேயே போனதுமுண்டு. அந்தக் காய்ச்சலில் இதயத்து வால்வு ஒன்று சுருங்கிப்போயிருக்கிறது, இனி பை தூக்கக் கூடாது, கோயம்புத்தூருக்குப் போய்த் தொடை வழியாக ஒரு கம்பியை விட்டு, அதன் முனையில் பலூனை ஊதி, வால்வை விரித்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அதைச் செய்கிற பெரிய மருத்துவர் அங்கே வியாழக்கிழமைகளில் மட்டும் வருவார். கிடைத்த தேதி மார்கழி மூன்றாம் வியாழன். அதை விட்டால் மாசியில்தான்.

"அன்னிக்குக் காலைல ஒன்பதுலருந்து மதியம் ஒண்ணு வரைக்கும் உங்க மைதானத்துல யாரும் ஒரு பந்தையும் தொடக் கூடாது," என்றார் டாக்டர். "நெஞ்சுக்குள்ள கம்பி இருக்கும்போது உள்ளேயிருந்து ஒண்ணு தட்டினா என்ன ஆகும்னு நான் சொல்ல விரும்பல."

மார்கழி மூன்றாம் வாரம் கிளப்பின் வருடாந்தரக் கோப்பைப் போட்டி.

லியோனார்டு நல்ல மனிதர். சிவபாக்கியத்தை நாற்காலியில் உட்காரச் சொல்லித்தான் பேசினார். "வெளியூர்லருந்து நூத்திருபது பேர் வர்றாங்கம்மா. எல்லாருக்கும் ரூம் போட்டாச்சு. தொண்ணூறு வருஷமா அந்தப் போட்டி மழைக்குக்கூட நின்னதில்ல. நான் என்னன்னு சொல்லி நிறுத்துவேன்?" அவளுக்கும் என்னன்னு சொல்லி என்று தெரியவில்லை. "சரிங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். எழுந்தபோது யாரோ எட்டாம் குழியில் அடித்தார்கள். லியோனார்டு தன்னையறியாமல், "நல்ல ஷாட்," என்றார்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, அனந்தநாராயணன் பயிற்சிக்கு வந்தார். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி போன பிறகு கோல்ஃபைத் தவிர வேறெதையும் வைத்துக்கொள்ளாதவர், முப்பத்தோரு வருஷத்தில் நடுவில் பட்ட நாற்பதோ நாற்பத்தைந்தோ அடிகளை நாள், குழி, காற்று எல்லாம் சேர்த்து ஞாபகம் வைத்திருப்பவர். இந்த இரண்டு மாதத்தில் அவர் ஆட்டம் ஆச்சரியமாகத் தேறியிருந்தது. முதுகுக்குப் பின்னால் அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு துல்லியமாகத் தன் அடியைக் கேட்டுக் கேட்டு அவர் கை திருந்திவிட்டிருந்தது. இந்த வருஷக் கோப்பை தனக்கே என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ஷோகேஸில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருந்தார். டாக்டர் பை தூக்கக் கூடாது என்றது அவருக்குத் தெரியும். அதனால் பையைக் கொஞ்சம் இலேசாக்கிக் கொண்டுவந்திருந்தார்.

"பாக்கியம், அந்த ஆஸ்பத்திரித் தேதி," என்றார், பந்தை வைத்தபடியே. "அடுத்ததா எப்பவாம்?"

"மாசிங்கய்யா."

"ரெண்டு மாசம்தானே. இவ்வளவு நாள் இருந்தாச்சு. கொஞ்சம் தள்ளிப் போட்டுக்க முடியாதா?"

சிவபாக்கியம் பையைத் தோளிலிருந்து இறக்கிப் புல்லில் சாய்த்து வைத்தாள். அதில் இருந்த மட்டைகளை எத்தனையோ ஆயிரம் தடவை ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள், அவர் நம்பரைச் சொல்லும் முன்பே எடுத்து நீட்டியிருக்கிறாள், ஒரு தடவைகூட எதையும் வீசியதில்லை. ஏழாம் நம்பர் இரும்பு மட்டையை உருவி எடுத்தாள். அவர் வைத்த பந்தின் முன்னால் போய் நின்றாள். அவர், "என்ன பண்றே?" என்று கேட்டார், கோபமில்லாமல், நிஜமாகவே தெரியாமல். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிறவள் கத்தியை ஓங்குவது போல ஓங்கி, இடுப்பைத் திருப்பாமல், அவள் அடித்தாள். பந்து நாற்பது தப்படி தரையோடு உருண்டு உண்ணிச்செடிப் புதருக்குள் போனது.

சத்தம் அனந்தநாராயணனின் நெஞ்சிலிருந்து வந்தது.

நல்ல அடியில்லை அது, 'சொத்' என்று, ஈரச் சாக்கைச் சுவரில் அடித்த மாதிரி ஒரு சத்தம். அவர் இரண்டு கையையும் மார்பில் வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, பனி காயாத புல்லில் அப்படியே உட்கார்ந்தார். பேன்ட் நனைந்தது. தூரத்துச் சரிவில் இரண்டு மூன்று பேர் அடித்தார்கள், அவை வழக்கம் போலச் சிவபாக்கியத்துக்குள் கேட்டன.

"வலிக்கல," என்றார் அவர், யாரோ கேட்டது போல.

"வலிக்காதுங்க."

"ஆனா இவ்வளவு கனமாவா இருக்கும்?"

"அது ஒண்ணுதாங்கய்யா."

அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை வரும்?"

"எண்றதில்லீங்க. எண்ணினா இன்னும் அசதியாயிடும்." அவள் மட்டையில் ஒட்டியிருந்த மண்ணைப் பழக்கதோஷத்தில் முந்தானையால் துடைத்துப் பையில் செருகினாள். "நான் வர்றேங்கய்யா. மத்தியானத்துக்குச் சோறு வடிக்கணும்." பையை எடுக்காமல் அவள் லயத்தைப் பார்த்து இறங்கிப் போனாள்.

அனந்தநாராயணன் நேரே லியோனார்டிடம் போனார். நடந்ததைச் சொன்னார், சொல்லச் சொல்ல அது சின்ன விஷயமாகிக்கொண்டே போனது அவருக்கே தெரிந்தது. லியோனார்டு பரிவோடு கேட்டுவிட்டு, "எனக்கும் காட்டச் சொல்லுங்களேன்," என்றார். அனந்தநாராயணன் லயத்துக்கு ஆளனுப்பினார். என்னால முடியலைங்க என்று பதில் வந்தது. பிறகு அவர் அந்தச் சாயங்காலமும் மறுநாள் முழுதும் ஓடைக்கொம்பையின் ஏற்ற இறக்கங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார். பல் டாக்டர் வீட்டில் காபி கொடுத்தார்கள். எஸ்டேட் மேனேஜர் சிரித்தார். வெளியூர்க்காரர்கள் தங்கியிருந்த விடுதியில் ஒருவர், "எங்க ஊர்ல பந்துச் சத்தம் பந்துலதான் சார் கேக்குது," என்றார். எழுபது வயதில் அனந்தநாராயணனுக்குப் பேச்சு அவ்வளவாக வராது, சொன்னதையே திரும்பச் சொன்னார்: நாலு மணி நேரம், நாலு மணி நேரம்தான் கேட்கிறேன், நான் இந்த வருஷம் ஆடவே போவதில்லை, என் பெயரை அடித்துவிடுங்கள். அவர் ஆடவில்லை என்று சொன்னதைத்தான் எல்லாரும் கவனித்தார்கள். புதன்கிழமை பொழுது சாயும்போது லியோனார்டு அவரைக் கூப்பிட்டு, "இதுக்கு மேல ஏறாதீங்க சார், உங்களுக்கு ஏதாவது ஆயிடப் போகுது," என்று சொல்லிவிட்டு, அறிவிப்புப் பலகையில் தன் கையால் எழுதினார்: வியாழன் மதியம் ஒரு மணி வரை மைதானம் ஈரமாக இருப்பதால் ஆட்டம் இல்லை.

வியாழன் காலை, மலையில் ஒரு மேகம்கூட இல்லாத வெயில் அடித்தது. நூற்றிருபது பேரும் உள்ளூர்க்காரர்களும் வராந்தாவிலும் படிகளிலும் உட்கார்ந்து, காய்ந்து பளபளக்கும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு செய்தித்தாள் படித்தார்கள், பிறகு அதையும் மடித்து வைத்தார்கள். பத்தரை மணிக்கு, சும்மா இருந்து பழக்கமில்லாத ஒருவர் கைக்கு ஏதாவது வேண்டுமென்று மட்டையை எடுத்துப் புல்லில் சும்மா வீசிப் பார்க்கப் போனபோது, பக்கத்திலிருந்த எஸ்டேட் மேனேஜர் எழுந்து போய், அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

கோயம்புத்தூரில் பன்னிரண்டேகாலுக்கு எல்லாம் முடிந்தது. மருதை வெளியே வந்து லியோனார்டுக்குப் போன் செய்து, "நல்லாருக்காங்க. வால்வு விரிஞ்சிடுச்சாம்," என்றான். ஒரு மணிக்கு லியோனார்டு பலகையைத் துடைத்தார்.

வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், சிவபாக்கியம் மல்லாந்து படுத்திருந்தாள். காலை மடக்கக் கூடாது என்றிருந்தார்கள். கடிகாரத்தில் ஒரு மணி ஆனதைப் பார்த்துவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நூற்றிருபது பேர், காலையிலிருந்து அடக்கி வைத்திருப்பவர்கள், எல்லாம் சேர்ந்து வரும். ஒன்றரை ஆனது. இரண்டு ஆனது. நர்ஸ் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். மூன்று மணிக்குக் கை வலித்து, சிவபாக்கியம் கட்டில் கம்பியை விட்டாள்.

"ஏங்க, அங்க மழையா?"

மருதை ரொசலினுக்குப் போன் போட்டான். ரொசலின் கிளப் வரைக்கும் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கூப்பிட்டாள். அவன் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றான், இரண்டு தடவை "ம்" என்றான், ஒரு தடவை "யாருமேவா?" என்றான்.

"எல்லாரும் பந்தை வச்சுக்கிட்டு மேட்டுல வரிசையாத்தான் நிக்கிறாங்களாம்," என்றான் போனை வைத்துவிட்டு. "நீங்க மொதல்ல அடிங்க, நீங்க மொதல்ல அடிங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிட்டிருக்காங்களாம்."

அவள் அவனையே பார்த்தாள்.

"மழையெல்லாம் இல்ல," என்றான் மருதை. "நல்ல வெயிலாம்."

சிவபாக்கியம் முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் போர்வையை இழுத்துவிடுவதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.